டேங்குக்கு எத்தனை மூடி என்று கேட்காதீர்கள்

பெரம்பலூர் பக்கம் ஸ்பிரேயர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். புரட்டாசி பிறந்துவிட்டால் வாசலில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி டேங்குகள் வரிசைகட்டி நிற்கும். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எல்லாம் ஒரே நேரத்தில் மருந்து கேட்கிற மாதம். மிஷினைக் கீழே இறக்கி வைத்ததும் பாதிப்பேர் கேட்பது இதைத்தான்: "மாமா, இந்த மருந்து டேங்குக்கு எத்தனை மூடி ஊத்தணும்?"

நான் சொல்ல மாட்டேன். டேங்க் பத்து லிட்டரா, பதினாறா, இருபதா? மருந்து பீய்ச்சும் முனையான நாசில் புதுசா, தேய்ஞ்சதா? அடிக்கிறவர் நிதானமாக நடப்பாரா, வேலையை முடித்துவிட்டு டீக்கடைக்குப் போகிற அவசரத்தில் நடப்பாரா? இது ஒன்றும் தெரியாமல் மூடிக்கணக்கு சொல்கிறவர் மருந்தை விற்கத்தான் சொல்கிறார். மருந்தளவு நிலத்தின் பரப்புக்கு. டேங்க் என்பது அதைச் சுமந்து போகிற பாத்திரம். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் மீதியெல்லாம் சின்னக் கணக்குதான்.

முதலில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை எடுங்கள். பொடி எழுத்துதான், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பயிர், பூச்சி, மருந்தளவு, தண்ணீர் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அளவு ஏக்கரில் இருக்காது, ஹெக்டேரில் இருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். பருத்திக் காய்ப்புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்ற குருணை மருந்தை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 190 முதல் 220 கிராம், தண்ணீர் 500 லிட்டர். இரண்டரையால் வகுத்தால் ஏக்கருக்குச் சுமார் 80 கிராம், 200 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 0.4 கிராம் என்று கடையில் சொல்வது இந்த 200 லிட்டரை நம்பித்தான். நீங்கள் ஏக்கருக்கு 200 லிட்டர் அடிக்கிறீர்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஒரு சென்ட் சோதனை

எத்தனை லிட்டர் அடிக்கிறோம் என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். மருந்து வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

நூறு சென்ட் ஓர் ஏக்கர். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. இதைச் சதுரமாகக் கயிறு பிடித்து அளக்கத் தேவையில்லை, பயிர் வரிசையை வைத்தே அளந்துவிடலாம். வரிசைக்கு வரிசை மூன்றடி விட்டு நட்ட பருத்தியில் 145 அடி நீளம் நடந்தால் ஒரு சென்ட் ஆகிவிடும். இரண்டடி இடைவெளி மக்காச்சோளத்தில் 218 அடி. நாலடி இடைவெளிப் பருத்தி என்றால் 109 அடி. உங்கள் இடைவெளி வேறு என்றால் 435.6ஐ அந்த அடியால் வகுத்துக்கொள்ளுங்கள். அளந்த நீளத்துக்கு இரண்டு முனையிலும் குச்சி நட்டுவிடுங்கள். ஒரு வரிசை போதாவிட்டால் திரும்பி அடுத்த வரிசையில் மீதி.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போட்டு, டேங்கில் ஐந்து லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். கையில் பிடித்து அடிக்கும் கன்னை ஒருமுறை அழுத்திக் குழாயில் தண்ணீர் நிரம்பச் செய்துவிட்டு, குச்சியிலிருந்து குச்சிவரை வழக்கமாக மருந்தடிப்பதுபோலவே அடித்துக்கொண்டு போங்கள். சோதனை என்று தெரிந்ததும் எல்லோரும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடப்பார்கள். அப்படி நடக்கக்கூடாது. பிறகு டேங்கில் மிச்சமிருப்பதை அளந்து பாருங்கள். குறைந்த தண்ணீரை நூறால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும்.

உதாரணத்துக்கு, 1.4 லிட்டர் குறைந்திருக்கிறது. ஏக்கருக்கு 140 லிட்டர். 16 லிட்டர் டேங்கில் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஏக்கருக்கான 80 கிராம் இந்த ஒன்பது டேங்கில்தான் போய்ச்சேர வேண்டும். டேங்குக்கு ஒன்பது கிராமுக்குச் சற்றுக் கூட.

அதே காட்டில் அதே மிஷினோடு வேகமாக நடக்கிற பங்காளி 0.9 லிட்டர்தான் அடிப்பார். ஏக்கருக்கு 90 லிட்டர், ஆறு டேங்குக்கும் குறைவு. லிட்டருக்கு 0.4 கிராம் என்ற பேச்சை இரண்டு பேரும் அப்படியே பின்பற்றினால், முதலாமவர் காட்டுக்கு 56 கிராம் போகும், பங்காளி காட்டுக்கு வெறும் 36 கிராம். சிபாரிசில் பாதிகூட இல்லை. புழு சாகாது. மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும், அடுத்த வாரம் இரண்டு மருந்தைக் கலந்து அடிப்பார்கள். அரைகுறை அளவில் தப்பிப் பிழைக்கிற புழு, அந்த மருந்துக்குப் பழகிய குட்டிகளைத்தான் விட்டுப்போகும்.

அப்படியானால் 80 கிராமையும் 90 லிட்டரிலேயே கலந்துவிடலாமா? கணக்குக்குச் சரி. ஆனால் வளர்ந்து அடர்ந்த பருத்தியில் அடி இலைவரை நனையத் தண்ணீர் காணாது, கரைசலின் காரம் கூடும், அடிக்கிறவர் மேல் படுவதும் அந்தக் காரமான கரைசல்தான். நடையைக் குறைத்து 150 லிட்டர் பக்கம் கொண்டுவருவதே நல்லது. பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் காற்றோடு சேர்த்துத் துளியைப் பொடிப்பதால் குறைந்த தண்ணீரிலேயே இலையை மூடிவிடும். ட்ரோன் ஏக்கருக்குப் பத்து லிட்டர் அளவில் முடித்துவிடும். எதில் அடித்தாலும் ஏக்கருக்கான மருந்தளவு அதேதான், தண்ணீர்தான் மாறுகிறது. கைத்தெளிப்பானில் பழகிய மூடிக்கணக்கைப் பவர் ஸ்பிரேயருக்குக் கொண்டுபோனால் ஏக்கருக்குப் பாதி மருந்துகூடப் போய்ச்சேராது.

இந்தச் சோதனையை ஆளுக்கு ஒருமுறை, பயிர் வளர்ந்தபின் மறுமுறை செய்ய வேண்டும். பேட்டரி மிஷினில் இன்னொன்றும் உண்டு. சார்ஜ் இறங்க இறங்க அழுத்தம் குறையும், காலையில் அடித்த அளவு மதியத்துக்கு வராது. நாசிலை ஒரு வாளிக்குள் பிடித்து ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி வருகிறது என்று காலையிலும், நாலைந்து டேங்க் முடிந்த பிறகும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பதும் கலப்பதும்

மூடி ஓர் அளவே இல்லை. ஒரு பாட்டிலின் மூடி ஐந்து மில்லி பிடிக்கும், இன்னொன்று பதினைந்து பிடிக்கும். தண்ணி மருந்துக்கு மெடிக்கலில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள். குருணைக்கும் பவுடருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு.

டேங்குக்கு டேங்க் தராசைத் தூக்க முடியாது என்பார்கள். நியாயம்தான். ஏக்கருக்கான 80 கிராமையும் முதலிலேயே ஒரு வாளியில் போட்டு, ஒன்பது மக் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். டேங்குக்கு ஒரு மக். ஒவ்வொரு முறையும் குச்சியால் கலக்கிவிட்டு மொள்ள வேண்டும். கரைத்ததை அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். வாளி, மக், குச்சி மூன்றுக்கும் சிவப்புப் பெயின்ட் பூசி மோட்டார் கொட்டகையிலேயே வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வரவே கூடாது.

டேங்கில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். மருந்தை அடியில் ஊற்றிவிட்டுத் தண்ணீரைப் பிடித்தால் கெட்டிக் கரைசல் உறிஞ்சுகுழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும், முதல் பத்துச் செடி கருகும். இரண்டு மருந்து சேர்ப்பதானால் தண்ணீரில் நனையும் பவுடரும் குருணையும் முன்னால், அப்புறம் எஸ்.சி. என்று போட்ட கூழ்போன்ற மருந்து, அப்புறம் பாலாகக் கரையும் ஈ.சி., கடைசியில் ஒட்டுத்திரவம். சேருமா சேராதா என்று சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரைமணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, அடியில் கெட்டியாகப் படிந்தாலோ, பாட்டில் சுட்டாலோ டேங்கில் சேர்க்காதீர்கள். மூன்று மருந்து, நுண்ணூட்டம், டானிக் எல்லாம் ஒரே டேங்கில் போடுகிறவர்களுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

தண்ணீரையும் பாருங்கள். கலங்கின குட்டைத் தண்ணீரில் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லியைக் கலந்தால் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும், களைக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். நல்ல தண்ணீர் எங்கிருந்தாவது இரண்டு குடம் கொண்டுவருவதில் தவறில்லை.

நாசில்

ஆயிரக்கணக்கில் கொடுத்து மிஷின் வாங்குகிறோம், வேலையைச் செய்வது அதன் நுனியில் இருக்கும் பொட்டுத் துளைதான். பூச்சிக்கும் நோய்க்கும் வட்டமாக, நடுவில் காலியாக விழுகிற கூம்பு நாசில். துளி பொடியாக இருக்கும், இலையின் அடிப்பக்கமும் சுற்றிப் போய் ஒட்டும். களைக்கொல்லிக்கு விசிறிபோல் பட்டையாக விழும் நாசில். துளி பெரிது, காற்றில் பறக்காது. கூம்பு நாசிலில் களைக்கொல்லி அடித்தால் பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, புது நாசில் ஒன்றை மாட்டி வாளியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பழையது புதியதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தண்ணீர் விட்டால் தூக்கி எறியலாம். பித்தளை சீக்கிரம் தேயும், செராமிக் நாள்பட நிற்கும். காய்ந்த சிமென்ட் தரையில் அடித்துப் பார்த்தாலும் தெரியும், ஒரு பக்கம் மட்டும் அதிகம் நனைந்தால் துளை கோணிவிட்டது.

அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுகிற பழக்கத்தை எத்தனை சொன்னாலும் விட மாட்டேன் என்கிறார்கள். ஊசி, கம்பி விட்டுக் குத்துவது இன்னொன்று. ஒரே குத்தில் துளை பெரிதாகிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைக் டேங்கின் தோள்வாரில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு அடிக்கடி வந்தால் குற்றம் நாசிலில் இல்லை. டேங்க் வாயில் ஒரு சல்லடை, உள்ளே உறிஞ்சுகுழாய் முனையில் ஒன்று, கன்னின் கைப்பிடிக்குள் ஒன்று என்று வடிகட்டிகள் உண்டு. கைப்பிடிக்குள் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. திருகித் திறந்தால் போன வருஷத்து மண் வரும்.

களைக்கொல்லிக்கு டேங்க் தனி

இது மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். மக்காச்சோளத்துக்கு 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்துவிட்டு, தண்ணீரில் ஒரு அலசு அலசி, அதே டேங்கில் பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்கிறார்கள். கொஞ்ச நாளில் பருத்திக் கொழுந்து குறுகி, இலை நீண்டு விரல் விரலாகப் பிரிந்து வெண்டை இலை மாதிரி வரும். வைரஸ் என்று நினைத்து மறுபடி மருந்து வாங்க ஓடுவார்கள். பருத்திக்கு 2,4-டி என்றால் ஆகவே ஆகாது. டேங்கின் பிளாஸ்டிக்கிலும் ரப்பர்க் குழாயிலும் ஊறி நிற்கிற கொஞ்சமே போதும். பக்கத்துக் காட்டிலிருந்து காற்றில் வந்தால்கூட இதே கதிதான்.

இரண்டாவது டேங்க் வாங்க வசதியில்லை என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து களைக்கொல்லிக்கென்று ஒரு பழைய கைத்தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். என் கடையில் அப்படிக் குழுவாக வாங்கிப் போனவர்கள் உண்டு. டேங்கின் மேல் பெரிதாக "களை" என்று எழுதிவிடுங்கள். களைக்கொல்லி அடிக்கும்போது அழுத்தத்தைக் குறைத்து, நாசிலைத் தாழ்த்தி, அதன்மேல் துளி பறக்காமல் தடுக்கும் மூடாக்குத் தொப்பி மாட்டி வரிசைக்கு நடுவில் மட்டும் அடியுங்கள்.

காற்றும் நடையும்

ஆடிக் காற்றில் மருந்தடிப்பது பணத்தைத் தூற்றுவது. இலை அசைந்தால் அடிக்கலாம், கிளை அசைந்தால் நிறுத்திவிடலாம். காலை வெயில் ஏறுமுன், அல்லது நாலு மணிக்கு மேல். பருத்தியோ சூரியகாந்தியோ பூவில் நிற்கும்போது சாயங்காலம்தான், தேனீ கூடு திரும்பியிருக்கும்.

காற்று மேற்கிலிருந்து வருகிறது என்று வையுங்கள். காட்டின் கிழக்கு ஓரத்தில் தொடங்கித் தெற்கு வடக்காக நடந்து, ஒவ்வொரு வரிசையாக மேற்கு நோக்கி நகர வேண்டும். கன் எப்போதும் கிழக்குப் பக்கம். இப்படிப் போனால் அடித்த மருந்து உங்களை விட்டு விலகிப் போகும், நீங்கள் அடிக்காத காய்ந்த வரிசையிலேயே நடப்பீர்கள். முன்னால் வீசிக்கொண்டே அதற்குள்ளேயே நடப்பதுதான் ஊர் வழக்கம். இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்திருக்கும்.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே பருவத்தில் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்திலும் சாவு விழுந்தது. ஆள் உயரம் வளர்ந்த செடிக்குள் காற்றில்லாமல், புழுக்கத்தில், தலைக்கு மேலே தூக்கி அடிப்பதைவிட ஆபத்து வேறில்லை. அந்த உயரம் வந்த பிறகு மருந்தடிக்கத்தான் வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

மருந்து உடம்பில் ஏறுவது மூக்கு வழியாகத்தான் என்று நினைத்துத் தலைத்துண்டை முகத்தில் கட்டிக்கொள்கிறார்கள். அந்தத் துண்டு மருந்தில் ஊறியதும் அதையே முகர்ந்துகொண்டு நடப்பார்கள். கவனிக்க வேண்டியது தோல், அதிலும் முதுகு. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தாலோ அடிக்குழாய் கிளிப் கசிந்தாலோ சட்டை நனைந்து நாள் முழுக்க முதுகோடு ஒட்டிக்கிடக்கும். ரிப்பேருக்கு வரும் மிஷின்களில் நான் முதலில் பார்ப்பது அந்த வளையத்தைத்தான். முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, நைட்ரில் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மருந்துக்கென்று உள்ள முகமூடி. மழைக்கோட்டு போட்டால் வெந்துபோவீர்கள். அதற்குப் பதிலாக முதுகுக்கு மட்டும் ஒரு உரச்சாக்கின் உள்பையைப் பிரித்துக் கட்டிக்கொள்ளுங்கள். நடுவில் பீடி, வெற்றிலை கூடாது. கலக்கும்போதுதான் கெட்டி மருந்து கையில் படுகிறது, கையுறையை அடிக்கும்போது மறந்தாலும் கலக்கும்போது மறக்காதீர்கள்.

தலை சுற்றல், வாயில் எச்சில் ஊறுதல், அளவில்லாத வியர்வை, பார்வை மங்கல், தசை துடிப்பு, இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு வெளியே வந்து, துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். மோர், எண்ணெய், உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்துப் பாட்டிலையோ துண்டுத்தாளையோ கூடவே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான விஷமுறிவு மருந்து கொடுக்க முடியும்.

வேலை முடிந்ததும்

காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி, அலசின தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி அடித்துவிடுங்கள். பாட்டிலில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் எண்ணெய் வாங்க எடுத்துப்போக மாட்டார்கள். டேங்கையும் சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவி, கன்னை அழுத்திக் குழாய் வழியாகவும் வெளியே விடுங்கள். கழுவின தண்ணீர் அடித்த காட்டுக்குள்ளேயே போகட்டும், கிணற்று மேட்டில் வேண்டாம்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உறிஞ்சுகுழாய் வடிகட்டி அடைத்திருக்கும் அல்லது கிளிப் தளர்ந்து காற்று இழுக்கும். மோட்டார் டக் டக் என்று நின்று நின்று ஓடினால் முன்னால் எங்கோ அடைப்பு. ஓடவே இல்லையா, கடைக்குத் தூக்குமுன் ஃபியூஸையும் பேட்டரி ஒயரையும் பாருங்கள். கைத்தெளிப்பானில் அழுத்தம் ஏறாவிட்டால் வாஷர் காய்ந்திருக்கும், ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். டேங்கில் தண்ணீர் தீர்ந்தபின் மோட்டாரை ஓடவிடாதீர்கள், பம்ப் போய்விடும்.

தை முடிந்து மிஷினை ஓரங்கட்டும்போது பேட்டரியைக் காலியாக வைத்துவிட்டால் ஆவணியில் அது எழுந்திருக்காது. பெரும்பாலும் இதில் இருப்பது 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. முழுச் சார்ஜில் வைத்து, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றுங்கள், அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. டேங்கைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். குழாயை மடிக்காமல் எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். எங்கள் பக்கம் எலிக்கு அந்த ரப்பர் ரொம்பப் பிடிக்கும்.